'பார்த்துப் போ' என்றால் போதாது

(பஞ்சாலைத் தொழிலாளரும் விவசாயத் தொழிலாளரும் ஒன்றாகக் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், போனஸ், கூலி உயர்வு என்று இதே மேடையில் நாம் எத்தனையோ முறை பேசியிருக்கிறோம். இன்று பேச வந்திருப்பது வேறு விஷயம். பேசுவதற்கே கூச்சமாக இருக்கிற விஷயம். ஏனென்றால், பிறரை நோக்கி விரல் நீட்டுவதற்கு முன்னால் நம்மை நோக்கியே ஒரு விரலை நீட்ட வேண்டியிருக்கிறது. குடித்துவிட்டும் போதை ஏற்றிக்கொண்டும் வண்டி ஓட்டுவதால் சாலையில் விழுகிற பிணங்களைப் பற்றித்தான் பேசப் போகிறோம்.

போன தீபாவளிக்கு முன்னால் நடந்தது உங்களுக்கெல்லாம் தெரியும். தெரிந்ததைத் திரும்பச் சொல்வதற்குக் காரணம் உண்டு. போனஸ் ஒப்பந்தம் கையெழுத்தான நாள் அது. மூன்று மாதப் போராட்டத்தின் பலன். எல்லோருக்கும் சந்தோஷம். மாலை ஷிப்ட் முடிந்ததும் பத்துப் பன்னிரண்டு பேர் காசு போட்டுக் கடைக்குப் போனார்கள். ரிங் பிரேமில் வேலை செய்யும் நம் தோழர் ஒருவரும் அதில் இருந்தார். இரவு ஏழரை மணிக்கு அவர் மொபெட்டை எடுத்தபோது கால் கொஞ்சம் தள்ளாடியது. நாம் பார்த்தோம். பார்த்துவிட்டு என்ன செய்தோம்? தோளில் தட்டி, "பார்த்துப் போப்பா" என்றோம். அனுப்பிவிட்டோம்.

ஆலைக்கும் அவர் வீட்டுக்கும் ஆறு கிலோமீட்டர். நாலாவது கிலோமீட்டரில், நடவு முடித்துக் கூலி வாங்கிக்கொண்டு சாலை ஓரமாக வந்த மூன்று பெண்களில் ஒருவர் மேல் வண்டி மோதியது. அந்த அம்மா அங்கேயே இறந்து போனார். அவர் விவசாயத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர். மோதியவர் பஞ்சாலைச் சங்கத்தின் உறுப்பினர். இரண்டு பேரும் நம்மவர். கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்த தோழரை மறுநாள் பார்க்கப் போனபோது, "நிதானமாகத்தான் ஓட்டினேன் என்று நினைத்தேன்" என்றார். அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. அந்த அம்மாவின் வீட்டுக்கும் போனோம். அவருடைய கணவர் நம்மைக் கேட்டது ஒரே கேள்விதான்: "அவன் குடித்திருந்தது உங்களுக்குத் தெரியுமா?"

தெரியும். அந்தக் கேள்விக்கு அன்று நம்மால் பதில் சொல்ல முடியவில்லை. இந்தக் கூட்டம் அந்தப் பதிலைத் தேடுவதற்காகத்தான்.

கணக்கில் வராத சாவுகள்

இது ஏதோ ஓர் ஊரில், ஒரு நாளில் நடந்த துரதிர்ஷ்டமா? இல்லை. 2022ஆம் ஆண்டில் இந்தியச் சாலைகளில் இறந்தவர்கள் 1,68,491 பேர். இது மத்திய சர்க்காரே வெளியிட்ட கணக்கு. அதே ஆண்டில் விபத்துகளின் எண்ணிக்கையில் முதலிடம் வகித்த மாநிலம் நம் தமிழ்நாடு: 64,105 விபத்துகள், 17,884 சாவுகள். இறந்தவர்கள் யார்? நாடு முழுவதும் நூற்றுக்கு நாற்பத்து நாலு பேர் இரு சக்கர வண்டியில் போனவர்கள். ஐந்தில் ஒருவர் நடந்து போனவர். கார் வைத்திருப்பவனைவிட, கால் நடையாகவும் மொபெட்டிலும் வேலைக்குப் போகிறவர்களே அதிகம் சாகிறார்கள். அதாவது நாம்தான்.

இவற்றில் குடியாலும் போதையாலும் நேர்ந்தவை எத்தனை? சர்க்கார் கணக்கின்படி நூற்றுக்கு மூன்றைக்கூடத் தொடவில்லை. இதை நம்பலாமா? அமெரிக்காவைப் பாருங்கள். அதே 2022இல் அங்கே, சட்டம் வகுத்த அளவுக்கு மேல் குடித்த ஓட்டுநர் சம்பந்தப்பட்ட விபத்துகளில் இறந்தவர்கள் 13,524 பேர். மொத்தச் சாலைச் சாவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு! நம்மைவிட அங்கே குடிப்பவர்கள் அதிகம் என்பது உண்மைதான். ஆனால் அது மட்டுமே காரணமாக இருக்க முடியாது. அங்கே செத்த ஓட்டுநரின் ரத்தத்தைப் பெரும்பாலும் சோதிக்கிறார்கள். நம் நாட்டில் பல வழக்குகளில் ரத்தமே எடுப்பதில்லை. 'அதிவேகம்', 'கவனக்குறைவு' என்று எழுதிக் காகிதத்தை மூடிவிடுகிறார்கள். அந்த வேகத்துக்கும் கவனக்குறைவுக்கும் பின்னால் என்ன இருந்தது என்று யாரும் கேட்பதில்லை. நஷ்ட ஈடு போய்விடுமோ என்ற பயத்தில் குடும்பத்தாரும் வாய் திறப்பதில்லை.

எண்ணப்படாத சாவைத் தடுக்க யாரும் திட்டம் போட மாட்டார்கள். ஆகவே, உண்மைக் கணக்கு வேண்டும் என்பதே நம் முதல் கோரிக்கை.

உடம்புக்குள் நடப்பது என்ன?

"எனக்கு ஒன்றும் ஆகாது. நான் எவ்வளவு குடித்தாலும் நிதானம் தவற மாட்டேன்." இப்படிச் சொல்லாத குடிகாரன் உண்டா? அவன் பொய் சொல்லவில்லை. உண்மையாகவே அப்படி நம்புகிறான். அதுதான் ஆபத்து. சாராயம் முதலில் கெடுப்பது காலையும் கையையும் அல்ல. தன்னைத் தானே எடை போட்டுப் பார்க்கும் புத்தியைத்தான். தராசே கெட்டுப் போன பிறகு எடை சரியாக இருக்கிறது என்று சொல்வதில் என்ன பயன்?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடையில் விற்கும் 180 மில்லி கோட்டர் பாட்டிலில் ஏறத்தாழ 60 கிராம் சுத்தச் சாராயம் இருக்கிறது. அறுபது கிலோ எடையுள்ள ஓர் ஆண் அதைக் குடித்தால், அவன் ரத்தத்தில் 100 மில்லிக்கு 150 மில்லிகிராம் வரைக்கும் சாராயம் ஏறக்கூடும். மோட்டார் வாகனச் சட்டம் அனுமதிப்பது 30 மில்லிகிராம். அதாவது ஐந்து மடங்கு. "நான் பீர்தானே குடித்தேன்" என்பவருக்கும் சொல்கிறோம்: பெரிய பாட்டில் ஸ்டிராங் பீர் ஒன்றில் 40 கிராம் சாராயம் உண்டு. கோட்டரில் மூன்றில் இரண்டு பங்கு அது.

ஏறியது எப்போது இறங்கும்? ஈரல் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம்தான் கரைக்கும். மோர் குடித்தாலும், எலுமிச்சம்பழம் பிழிந்தாலும், குளித்தாலும், காப்பி குடித்தாலும் ஈரல் தன் வேகத்தை மாற்றாது. இரவு பத்து மணிக்குக் குடித்த கோட்டர் முழுவதும் கரைய மறுநாள் காலை எட்டு மணி ஆகலாம். ஆறு மணி ஷிப்டுக்கு வண்டியை முறுக்குகிறானே, அவன் தூங்கி எழுந்துவிட்டான். அவன் ரத்தம் இன்னும் தெளியவில்லை. அந்த நிலையில் ஓடுகிற இயந்திரத்தின் முன்னாலும் போய் நிற்கிறான்.

மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் போகும் மொபெட் ஒரு விநாடியில் பத்து மீட்டர் கடக்கும். ஆளைக் கண்டு பிரேக்கை அழுத்துவதற்குக் குடித்தவனுக்கு அரை விநாடி கூடுதலாக ஆனால், ஐந்து மீட்டர் கூடுதலாக ஓடிவிடும். 72 கிலோமீட்டர் வேகத்தில் வருகிற லாரி பத்து மீட்டர் ஓடிவிடும். எதிரே வரும் வண்டியின் வெளிச்சம் பட்டுக் கூசிய கண் தெளிவதற்கும் நேரமாகும். சாலை ஓரத்தில் வரிசையாக வருகிற பெண்கள் அந்தக் கண்ணுக்குத் தெரிய மாட்டார்கள். நம் தோழருக்கும் தெரியவில்லை.

குடித்துவிட்டு நடந்து போகிறவனும் தப்புவதில்லை. இருட்டில் தள்ளாடிச் சாலைக்குள் இறங்குகிறான்; சில பேர் அங்கேயே படுத்தும் விடுகிறார்கள். அவனையும் ஒருவர் கைபிடித்து வீட்டில் சேர்க்கத்தான் வேண்டும்.

மாத்திரையும் மூட்டையும்

சாராயம் மட்டும்தானா? கஞ்சா இருக்கிறது. அது நேரத்தையும் தூரத்தையும் மதிக்கும் சக்தியைக் கெடுக்கிறது. சாராயத்தோடு சேர்ந்தால் கேடு இரட்டிப்பாகிறது. ஊதுகிற கருவியில் கஞ்சா தெரியாது. 'பிடிபட மாட்டோம்' என்று சில வாலிபர்கள் அதன் பக்கம் சாய்வதற்கு இதுவும் ஒரு காரணம். வாசனையே இல்லாத போதையும் உண்டு. ஜலதோஷத்துக்கும் அரிப்புக்கும் மருந்துக் கடையில் வாங்கி விழுங்குகிற மாத்திரைகளில் பல, தூக்கத்தை வரவழைப்பவை. அதை விழுங்கிவிட்டு வண்டி ஓட்டலாமா என்று மருந்து கொடுப்பவரைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

லாரி ஓட்டும் தோழர்களின் கதை தனிக் கதை. வடக்கே பஞ்சாப், ராஜஸ்தான் பக்கத்தில், அசதி தெரியாமல் ஓட்டுவதற்காகக் கசகசாச் செடியின் காய்த்தோலைத் தின்று பழகிய டிரைவர்கள் உண்டு. அபின் எடுப்பது அந்தக் காயிலிருந்துதான். இதை அவர்கள் உல்லாசத்துக்காகவா தின்றார்கள்? டிரிப்புக்கு இவ்வளவு என்று கூலி. சரக்கு இத்தனை மணிக்குள் போய்ச் சேர வேண்டும் என்று கட்டளை. மாற்று டிரைவர் கிடையாது. கண்ணை மூடினால் கூலி போகும். மூடாமல் இருப்பதற்கு ஒரு போதை. போய்ச் சேர்ந்த பிறகு உறங்குவதற்கு இன்னொரு போதை.

1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் நாளைக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வேலை நேரத்தை வகுத்தது. நெடுந்தூரப் பாதைகளில் அதிகம் போனால் நாளைக்குப் பத்து மணி. எழுத்தில் இருந்ததை ஏட்டிலேயே விட்டுவிட்டு, விபத்து நடந்த அன்று மட்டும் டிரைவரைப் பிடித்துச் சிறையில் போட்டால் சாவு குறையுமா? குடித்து ஓட்டியவனின் குற்றத்தை நாம் மறைக்கவில்லை. ஆனால் தூங்க விடாமல் ஓட வைத்தவனும் அந்தக் குற்றத்தில் பங்காளி.

கடை நகர்ந்தது; கல்லா நகரவில்லை

தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு நவம்பரிலிருந்து சில்லறை மது விற்பனையைச் சர்க்கார் கம்பெனியே நடத்துகிறது. 2023-24ஆம் ஆண்டில் அதனால் வந்த வருமானம் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். ஒரு கையால் 'குடித்துவிட்டு ஓட்டாதே' என்று பலகை நடுகிறார்கள். மறு கையால் சாலை ஓரத்தில் கடையும் பாரும் திறந்து, பாருக்கு வெளியே வரிசை வரிசையாக வண்டி நிறுத்த இடமும் விடுகிறார்கள். வண்டியில் வந்தவன் வண்டியில்தான் போவான் என்பது இவர்களுக்குத் தெரியாதா?

தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில்தான் உச்சநீதிமன்றம் 2016 டிசம்பர் 15 அன்று தீர்ப்புச் சொன்னது: தேசிய, மாநில நெடுஞ்சாலைகளிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது. 2017 ஏப்ரல் முதல் தேதி தமிழ்நாட்டில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டன. நல்ல காரியம். ஆனால் பிறகு நடந்தது என்ன? இருபதாயிரம் ஜனத்தொகைக்கு உட்பட்ட ஊர்களில் தூரம் 220 மீட்டராகக் குறைந்தது. சில மாநிலங்கள் நெடுஞ்சாலை என்ற பெயரையே எடுத்துவிட்டு நகரச் சாலை என்று மாற்றிக்கொண்டன. கேரளத்தில் ஒரு பார் முதலாளி, நடக்கிற தூரம் 500 மீட்டரைத் தாண்ட வேண்டும் என்று தன் வாசலில் சுற்றிச் சுற்றிப் போகும்படி சுவர் வைத்து வழி கட்டினார்! 2017 ஜூலையில், நகராட்சி எல்லைக்குள் இந்தத் தடை இல்லை என்று நீதிமன்றமே விளக்கம் தந்துவிட்டது.

இங்கே, மூடிய கடைகளை ஊருக்குள்ளே கொண்டுவர முயன்றார்கள். பெண்கள் எழுந்தார்கள். 2017 ஏப்ரல் 11 அன்று திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் கடையை எதிர்த்து நின்ற ஒரு பெண்ணைப் போலீஸ் அதிகாரி ஒருவர் கன்னத்தில் அறைந்ததை நாடே பார்த்தது. சாலையில் தாலி போகிறது என்று கேட்க வந்தவளுக்குக் கிடைத்த பதில் அது. கடையை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்கு நகர்த்துவது தீர்வாகாது. கடைகள் குறைய வேண்டும். விற்கும் நேரம் குறைய வேண்டும். சாலை ஓரப் பார்கள் ஒழிய வேண்டும்.

செய்து காட்டியவர்கள்

'ஜனங்கள் குடிக்கிறார்கள், யார் என்ன செய்ய முடியும்?' என்று கைவிரிப்பவர்களுக்கு இரண்டு உதாரணங்கள் சொல்கிறோம்.

பிரிட்டனில் 1967 அக்டோபரில் ஒரு சட்டம் அமலுக்கு வந்தது. ரத்தத்தில் 80 மில்லிகிராம் என்று எல்லை வகுத்து, மூச்சை ஊதிக் காட்டச் சொல்லும் அதிகாரத்தைப் போலீசுக்குக் கொடுத்தார்கள். அதைக் கொண்டுவந்த மந்திரி பார்பரா காசில் என்ற பெண்மணி. கார் ஓட்டத் தெரியாத பெண்ணுக்கு இதில் என்ன தெரியும் என்று ஏளனம் செய்தார்கள். முதல் ஓராண்டில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்கள் தப்பின. பிறகு சோதனை அபூர்வம் என்று ஜனங்கள் தெரிந்துகொண்டதும் பழைய பழக்கம் மெல்லத் திரும்பியது.

ஆஸ்திரேலியாவில் நியூ சவுத் வேல்ஸ் மாநிலம் 1982 டிசம்பரில் வேறு வழியைப் பிடித்தது. சந்தேகப்பட்டவனை மட்டும் நிறுத்தாமல், சாலையில் வருகிற யாரையும் நிறுத்தி ஊதச் சொன்னார்கள். பணக்காரன், ஏழை என்ற வித்தியாசமில்லை. 1982இல் அங்கே சாலையில் செத்தவர்கள் 1,253 பேர். 1983இல் 966 பேர். இதில் உள்ள பாடம் என்ன? தண்டனை எவ்வளவு பெரியது என்பதைக் காட்டிலும், நிச்சயம் பிடிபடுவோம் என்பதே கையைத் தடுக்கிறது. நம் நாட்டிலும் 2019இல் சட்டத்தைத் திருத்தி, முதல் குற்றத்துக்கே அபராதத்தை 10,000 ரூபாயாக உயர்த்தினார்கள். ஆனால் நம் கிராமத்துச் சாலையில் மாலை நேரத்தில் சோதனைக் கருவியை எத்தனை பேர் கண்ணால் பார்த்திருக்கிறோம்?

குடும்பம் இழப்பது

உயிரோடு போவதில்லை இந்த நஷ்டம். நம் தோழரின் மொபெட்டுக்கு இன்சூரன்ஸ் முடிந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அந்த அம்மாவின் பிள்ளைகளுக்கு நஷ்ட ஈடு தரக் கம்பெனி எதுவும் இல்லை. தோழர்தான் தர வேண்டும். தோழரிடம் என்ன இருக்கிறது? இன்று இரண்டு குடும்பங்களும் கடனில் நிற்கின்றன. இன்சூரன்ஸ் இருந்தாலும், குடித்து ஓட்டி இறந்தவனின் சொந்த விபத்துத் தொகையைக் கொடுக்க மறுப்பதற்குக் கம்பெனிக்கு இடமுண்டு. வேலையில் இருக்கும்போது நேர்ந்த விபத்துக்கு முதலாளி நஷ்ட ஈடு தர வேண்டும் என்பது சட்டம். குடியாலோ போதை மருந்தாலோ நேர்ந்த காயம் என்றால், சாவும் முழு ஊனமும் தவிர மற்றவற்றுக்கு முதலாளி தர வேண்டியதில்லை என்று அதே சட்டம் சொல்கிறது. நாம் போராடிப் பெற்ற உரிமையை ஒரு கோட்டர் பாட்டில் பறித்துவிடுகிறது.

நாம் என்ன செய்யப் போகிறோம்?

ஒன்று. சங்கத்தின் பெயரால் நடக்கும் எந்தக் கொண்டாட்டத்திலும் இனி மது கிடையாது. போனஸ் நாளிலும் கிடையாது.

இரண்டு. குடித்த தோழர் வண்டியைத் தொட்டால், பக்கத்தில் இருப்பவர் சாவியை வாங்கிவிட வேண்டும். திட்டுவான், வாங்கிக்கொள்ளுங்கள். கோபித்துக்கொள்வான், மறுநாள் சமாதானம் செய்துகொள்ளலாம். செத்தவர்களிடம் சமாதானம் பேச முடியாது. அவனை வீட்டில் கொண்டுபோய்ச் சேர்ப்பது அந்தந்தக் கிளையின் கடமை.

மூன்று. நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் ஏற்றிப் போகும் வண்டியின் டிரைவர் மேல் வாடை அடித்தால் ஒருவரும் ஏறக்கூடாது. ஒருத்தி இறங்கினால் அவளை விட்டுவிட்டுப் போவார்கள்; எல்லோரும் இறங்கினால் வேறு டிரைவர் வருவான். அதற்காகக் கூலி பிடித்தால் சங்கம் கேட்கும். சரக்கு வண்டியில் ஏறி அடிபட்ட ஆளுக்குப் பொதுவாக இன்சூரன்ஸ் கம்பெனி பொறுப்பேற்காது என்பதையும் நினைவில் வையுங்கள்.

நாலு. குடியை விட முடியாத தோழரை ஒதுக்கக் கூடாது. அது நோய். அரசு மருத்துவமனைகளில் அதற்குச் சிகிச்சை உண்டு. பல வருஷம் தினமும் குடித்தவர் திடீரென்று தானாக நிறுத்தினால் வலிப்பு வரலாம்; ஆகவே மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும்.

ஐந்து. சர்க்காரிடம் கேட்கப் போவது: சாவு நேர்ந்த ஒவ்வொரு விபத்திலும் ரத்தச் சோதனை, கிராமத்துச் சாலையிலும் தினசரி மூச்சுச் சோதனை, ஆனால் அது கைமடக்கு வாங்கும் வசூலாக மாறாமல், ரசீதோடும் எல்லோருக்கும் ஒரே மாதிரியாகவும் நடக்க வேண்டும், ஷிப்ட் முடியும் நேரத்தில் பஸ், சாலை ஓரத்தில் நடப்பவருக்குப் பாதை, விளக்கு, டிரைவர்களின் வேலை நேரத்துக்கு உண்மையான வரம்பு.

தோழர்களே! இவற்றில் ஐந்தாவதற்கு நாள் பிடிக்கும். மனுப் போட வேண்டும். மறியல் செய்ய வேண்டும். ஆனால் முதல் நாலுக்கும் யாருடைய அனுமதியும் வேண்டாம். இன்று இரவே தொடங்கலாம்.

அந்த அம்மாவின் கணவர் இன்று இந்தக் கூட்டத்தில், பின் வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அவர் கேட்ட கேள்விக்கு இப்போது பதில் சொல்கிறோம்: ஆம் ஐயா, எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் அனுப்பினோம். இனி அனுப்ப மாட்டோம்.